தூக்கிப் பார்த்து வாங்கிய கரண்டு வண்டி

பட்டு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்றியது கிடையாது. பாத்திரக்காரர் ஏமாற்றியிருக்கிறார், ஜோசியர் ஏமாற்றியிருக்கிறார், கூடப் பிறந்தவர்களே ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் பழைய கரண்டு வண்டி விஷயத்தில் நடந்ததை ஏமாற்று என்று சொல்லவே முடியாது. விற்றவர் உண்மையைச் சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அதனால்தான் வாங்கினேன். இதில் என் தப்பு என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. லைசென்ஸ் வேண்டாத கரண்டு வண்டிகள் ஆரணிப் பக்கம் தலைகாட்டியிருந்த சமயம். பார்த்தால் ஸ்கூட்டர், சட்டத்தின் கண்ணுக்குச் சைக்கிள். அதற்குச் சாட்சியாகப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெடல் வைத்திருப்பார்கள். (அந்தப் பெடலை நிஜமாகவே மிதித்தவள் தமிழ்நாட்டில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.)

அந்த வண்டி எனக்கு எதற்கு என்றால், வேலைக்கு. அதுவரை நான் வீட்டில் இருந்தபடியே என் வீட்டுக்காரர் நெய்யும் புடவைக்கு முந்தி முடிச்சுப் போட்டு, மடித்து, அட்டை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெய்த புடவையில் எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே சாயம் தப்பியிருக்கிறது என்பதை எட்ட நின்றே சொல்லிவிடுவேன். இது எப்படியோ பஜாரில் இருந்த ஒரு பட்டு முதலாளியின் காதுக்குப் போய், அவர் ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் நமக்குத் தறி ஓடுதும்மா. வூடு வூடாப் போயி, தறியில பாத்து, தப்பு இருந்தா அங்கயே சொல்லணும். முடிஞ்ச புடவைய வாங்கிகினு வரணும். ஆளு நின்னுட்டான். நீங்க செய்வீங்களா?"

"செய்வேங்க."

"வண்டி வெச்சிருக்கீங்களா?"

"இருக்குங்க."

என்னிடம் இருந்தது ஒரு ஜோடி செருப்பு. ஆனால் "இல்லீங்க" என்று சொல்லியிருந்தால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். எனக்கு அந்த வேலை வேண்டும். என் பெயரைச் சொல்லி, என் கண்ணை நம்பி, ஒருத்தர் கொடுக்கிற முதல் வேலை அது. அதற்காக இல்லாத வண்டியை இருக்கிறது என்று சொன்னேன். அதே இடத்தில் இன்றைக்கு நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

"அப்ப திங்கட்கிழமை காலையில வண்டியோட வந்துடுங்க" என்றார் முதலாளி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் முதலில் சிரித்தது என் நாத்தனார் விஜயா அண்ணி. அவர் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், ஆனால் எங்கள் வீட்டில்தான் வசிக்கிறார். அவரிடம் லைசென்ஸும் இருந்தது, ஸ்கூட்டரும் இருந்தது. லைசென்ஸ் பரீட்சையில் எட்டுப் போடச் சொன்னபோது முதல் தடவையே காலை ஊன்றாமல் போட்டதை, எங்கள் கல்யாண நாளைவிட நன்றாக என் வீட்டுக்காரர் குடும்பம் நினைவில் வைத்திருந்தது. நானும் எட்டுப் போட்டவள்தான். ஒரு தடவை போட்டது பூஜ்யமாக வந்தது, இன்னொரு தடவை போட்டது எதுவாகவும் வராமல் வேலிக்குள் போய்விட்டது.

"கற்பகம், வாயைக் குடுத்துட்டு வந்து நிக்கறியே, திங்கட்கிழமைக்கு இன்னா பண்ணப் போற?" என்றார் அண்ணி.

"லைசென்ஸ் இல்லாத வண்டி வாங்கப் போறேன்."

"அதை நான் வேணா பாத்து வாங்கித் தரேன். உனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?"

அந்தக் கேள்விதான் வினை. அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நானே அவரை அழைத்துக்கொண்டு போயிருப்பேன். கேட்டுவிட்டதால் என் வீட்டுக்காரரை மட்டும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமை மதியம் களம்பூருக்குப் பஸ் ஏறினேன்.

களம்பூரில் ஒருவர் கரண்டு வண்டிக் கடை வைத்து நொடித்துப்போய், கடைசியாக இரண்டு பழைய வண்டிகளை விற்கிறார் என்று கேள்வி. பெயர் ஏகாம்பரம். ஒரு ரைஸ் மில்லின் முன்னறையில் கடை. மனிதர் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெல்லப் பேசினார்.

"கரண்டே இல்லாத காலத்துல கரண்டு வண்டி விக்க வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றபடி இரண்டு வண்டியையும் மில்லின் முன்னால் இருந்த நெல் காயவைக்கும் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஒன்று வெளுத்த நீலம். பார்க்கவே வேண்டாவெறுப்பாக இருந்தது. இன்னொன்று அரக்கு. நல்ல முகூர்த்தப் புடவை அரக்கு, பக்கவாட்டில் பொன்னிறக் கோடு வேறு. கரை கட்டினது போல அந்தக் கோடு ஒரே சீராக ஓடியது. நான் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதை முகத்தில் காட்டவில்லை. (காட்டினால் விலை ஏறும். இது பால் குடிக்கிற வயதிலேயே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.)

"நீலத்தை எடுத்துக்கங்கம்மா" என்றார் ஏகாம்பரம். "புது மாதிரி லேசான பேட்டரி. போன தீபாவளிக்குதான் மாத்தினது, தேதி அது மேலயே இருக்குது பாருங்க."

நான் தேதியைப் பார்க்கவில்லை. "அந்த அரக்கு?" என்றேன்.

"அது உங்களுக்கு வேணாம்மா."

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் அல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஆரணியில் ஒரு பட்டு வியாபாரி "இதை எடுத்துக்கங்க, ரொம்ப நல்லாருக்கும்" என்று ஒரு புடவையை விரித்தால், அது விற்காமல் கிடக்கிற புடவை. "அது உங்களுக்கு வேணாங்க, அதுல சின்னக் கோளாறு இருக்குது" என்று சொல்லி ஒன்றை ஓரமாகத் தள்ளினால், அது பெங்களூரிலிருந்து வரப்போகிற பெரிய பார்ட்டிக்கு எடுத்து வைத்த புடவை. தன் சரக்கைத் தானே மட்டமாகப் பேசுகிறவன் அதை ஒளிக்கிறான் என்று அர்த்தம். தள்ளிவைத்ததைத்தான் பிடிவாதம் பிடித்து வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கி வந்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஆக, ஏகாம்பரம் "வேணாம்மா" என்றதும் எனக்குள் மணி அடித்தது.

"ஏன் வேணாம்?"

"பேட்டரி நாலும் செத்துப்போச்சு. சொருகினா சார்ஜ் ஏறுற மாதிரிதான் காட்டும். ஓட்டினா சார்ஜ் நிக்காது."

(ஓஹோ.)

"சார்ஜர் குடுப்பீங்களா?"

"குடுப்பேன். ஆனா அது இந்த வண்டியோட சார்ஜர் இல்ல. வேற வண்டியோடது. ரெண்டுலயும் எழுதியிருக்கிற நம்பரு ஒத்துப்போவாது."

(சரிதான், யாருக்கோ நன்றாகவே எடுத்து வைத்திருக்கிறார்.)

"மேடு ஏறுமா?"

"மேடா? இறக்கத்துலயே யோசிக்கும்மா."

என் வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்தார். "இன்னா கற்பகம், அவரே வேணான்னு சொல்லிகினு இருக்காரு."

"நீங்க சும்மா இருங்க. அதுலதான் விஷயமே இருக்குது."

பிறகு பரிசோதனையில் இறங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன் என்று என் நாத்தனார் இன்றும் சொல்வது அபாண்டம். எச்சில் தொட்டு அரக்கு மேல் தேய்த்துப் பார்த்தேன், சாயம் போகவில்லை. நகத்தால் பொன்கோட்டைச் சுரண்டிப் பார்த்தேன், உரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், எங்கும் ஒட்டு இல்லை. சீட்டை முகர்ந்துகூடப் பார்த்தேன். கடைசியாக எங்கள் ஊர்ப் பரீட்சை, எடை. பட்டு என்றால் கையில் வாங்கியதும் கனம் தெரிய வேண்டும். இழை நிறைய இருந்தால், சரிகை சுத்தமாக இருந்தால் கனம் தானே வரும். லேசாக இருந்தால் எதையோ குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். நீல வண்டியின் கேரியரைப் பிடித்துத் தூக்கினேன். பின்சக்கரம் சுலபமாக எழும்பியது. (பாத்தீங்களா, உள்ள ஒண்ணுமே இல்ல.) அரக்கைத் தூக்கினேன். அசையவே இல்லை. இரண்டாம் தடவை முந்தானையைச் செருகிக்கொண்டு தூக்கினேன். இடுப்புதான் எழும்பியது.

"எப்படிக் கனம் பாத்தீங்களா" என்று வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தேன்.

ஏகாம்பரத்துக்குக் காது கூர்மை. "வெயிட்டு இருக்கறது நல்லது இல்லம்மா. அத்தனையும் வண்டிதானே இழுக்கணும்" என்றார்.

பாவம், கடைசி வரைக்கும் போராடினார். களத்தில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். சிமெண்ட் தரை கண்ணாடி போல இருந்தது. வண்டி சத்தமே இல்லாமல் போனது. இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். என் வாழ்நாளில் கால் ஊன்றாமல் நான் வளைத்த முதல் வளைவுகள் அவை. அப்போது மட்டும் யாராவது எட்டுப் போடச் சொல்லியிருந்தால் எண்பத்தெட்டே போட்டிருப்பேன்.

"சூப்பரா போவுது" என்றேன், என்னையும் அறியாமல்.

"ரெண்டு ரவுண்டு போவும்மா. அவ்ளோதான் போவும்" என்றார் அவர்.

என்ன அடக்கம் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். விலை பேசும்போது "இதுக்குப் போயி இவ்ளோ குடுக்காதீங்க" என்று விற்கிறவரே சொன்ன கதை உலகத்தில் வேறு எங்காவது உண்டா? நான் விடாப்பிடியாகக் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு, "ஆவலேன்னா திரும்பக் கொண்டாந்துடுங்க, நான் வாங்கிக்கறேன்" என்றார். கைவிட்டுப்போன சரக்கு மேல் மனிதருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குப் பாவமாகவே இருந்தது.

இரண்டு பேரைத் தாங்காது என்றும் சொன்னார். அது ஒன்றைத்தான் நம்பினேன். அதனால் வீட்டுக்காரரைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, நான் மட்டும் ஆரணி ரோட்டில் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் விஜயா அண்ணியாகத் தெரிந்தார்கள். எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தேன். ஹாரன் அடித்தேன். முதல் தடவை கணீரென்று அடித்தது. அடுத்த தடவை தொண்டை கட்டியது. மூன்றாவது தடவை நான்தான் அடித்தேன், அது அடிக்கவில்லை. மீட்டரில் இருந்த பச்சை விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. வண்டி ஒரு பெருமூச்சு கூட விடாமல், நெல் லாரிகள் வரிசையாக நிற்கிற ஒரு மில் வாசலில் நின்றது. இடம் பார்த்துத்தான் நின்றது என்று சொல்ல வேண்டும். அங்கே மூட்டை ஏற்றுகிற அத்தனை பேருக்கும் அப்போது ஓய்வு நேரம்.

"இன்னாக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார் ஒரு லாரி டிரைவர். "ஆரணிக்குத்தான் போறோம். தூக்கி மேல வெச்சிக்கலாமா?"

"இல்லீங்க. நான் பெடல் போட்டுப் பாத்துகினு இருக்கேன்" என்றேன்.

இப்போது பெடல். அந்தப் பெடல் மிதிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, அரசாங்கத்துக்குக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. நடுவில் கால் வைக்கும் பலகை அகலமாக இருக்கும். அதற்கு இந்தப்புறம் ஒன்று, அந்தப்புறம் ஒன்று. மிதிக்க வேண்டுமானால் இரண்டு காலையும் விரித்து, வாத்து நடையை உட்கார்ந்தபடியே நடக்க வேண்டும். சீட்டோ தாழ்வு. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வந்து ஹேண்டில்பாரை விசாரித்துவிட்டுப் போகும். நான் புடவை கட்டியிருந்தேன். இதற்கு மேல் வர்ணிக்கமாட்டேன், படிப்பவர்களில் என் மருமகன் வீட்டாரும் இருப்பார்கள்.

வண்டி நகர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நகர்ந்தது. நடந்து போன ஒரு பெரியவர் என்னை முந்திக்கொண்டு போனார். தாண்டும்போது "மெதுவாவே போம்மா, இன்னாத்துக்கு ஜல்தி" என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார். எதைக் கனம் கனம் என்று தூக்கிப் பார்த்து மெச்சினேனோ, அந்தக் கனம் முழுவதும் இப்போது என் இரண்டு முழங்காலுக்குள் இறங்கியிருந்தது.

அப்போது பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் என் வீட்டுக்காரர். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். உடனே கழுத்தைத் திருப்பி மறுபக்கம் இருந்த வயலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் வண்டி கொஞ்சம் வேகமாகவே போனது. பிறகு கேட்டபோது, "நீ வெக்கப்படுவியேன்னுதான் பாக்காத மாதிரி இருந்தேன்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எனக்காக நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். (சொல்லிவிட்டேன். ஆனால் வயலைப் பார்த்ததை இன்னும் மன்னிக்கவில்லை.)

"வா, திரும்பிப் போயி குடுத்துடலாம்" என்றார்.

"முடியாது."

"பேஜாரா இருக்குது கற்பகம். அவர்தான் வாங்கிக்கறேன்னு சொன்னாரே."

"திருப்பிக் குடுத்தா விஜயா அண்ணி இன்னா சொல்வாங்க?"

அண்ணி அவருக்கு அக்கா அல்லவா. அவர் கேரியரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். நான் மிதிக்க, அவர் தள்ள, ஆற்றுப்பாலத்தின் மேடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாலத்தில் பாதி ஏறியிருப்போம். எதிரில் வந்த மோட்டார் பைக் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தவர் பட்டு முதலாளி.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எனக்குக் குதிரையையே தள்ளவேண்டியதாக இருந்தது.

"என்னம்மா இங்க?"

"ஒண்ணுமில்லீங்க. வண்டி ஓட்டிகினு போறேன்."

அவர் பின்னால் பார்த்தார். என் வீட்டுக்காரர் கேரியரைப் பிடித்தபடி வேர்வையில் குளித்து நின்றுகொண்டிருந்தார்.

"இவரு?"

"எங்க வீட்டுக்காரருங்க. கூட வராரு."

"கூட வராரு" என்று அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டார். பிறகு மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, வண்டி இருக்குதுன்னு சொன்னீங்களே, அது எங்க?"

பாலத்தில் எங்களால் இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கிவிட்டன. ஒரு மாட்டு வண்டிக்காரர்கூடக் கீழே இறங்கி வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். என் முகம் என் வண்டியின் நிறத்துக்கு வந்திருக்கும். வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. போகிற வேலை தலைநிமிர்ந்து போகட்டும் என்று தோன்றியது.

"இதாங்க வண்டி" என்றேன். "திங்கட்கிழமை காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நிப்பேங்க. எப்படி வந்தேன்னு மட்டும் கேக்காதீங்க. புடவையப் பத்திக் கேளுங்க, பதில் சொல்றேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது பாலத்தின் பள்ளத்தாலா சிரிப்பாலா என்று அன்றைக்குத் தெரியவில்லை. (பிறகு தெரிந்தது. பாலத்தில் பள்ளம் இல்லை.)

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தெருவே கூடியது. அண்ணி வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தார். "கலரு நல்லாருக்குது" என்றார். அதைவிட மோசமாக எதையும் சொல்லியிருக்க முடியாது. நான் ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய், சார்ஜரை எடுத்து, ஒயரை வாசல் வரை இழுத்து, சுவிட்சைப் போட்டேன்.

தெரு முழுவதும் கரண்டு போனது.

அது வழக்கமாகப் போகிற நேரம்தான். அந்த வருடங்களில் எங்களுக்குக் கரண்டு வருவதுதான் செய்தி, போவது செய்தியே அல்ல. ஆனால் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பவர்லூம் எல்லாம் ஒரே சமயத்தில் கப்சிப்பென்று நின்றபோது, தெருவில் இருந்த அத்தனை தலையும் என் கையில் இருந்த ஒயரைப் பார்த்துத் திரும்பியது. "கற்பகம் சொருகினா, தெருவே உட்கார்ந்துடுச்சு" என்று அண்ணி இருட்டிலிருந்து சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு ஓயவில்லை. இன்றைக்கும் கரண்டு போனால் எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலை எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னா சொருகினீங்க?" என்று கேட்பார்.

கரண்டு வந்ததும் வண்டியில் சார்ஜ் ஏறியது. ஏறுகிற மாதிரி காட்டியது. ஏகாம்பரம் சொன்னதிலிருந்து ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. மறுநாள் காலையில் எங்கள் வீட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் கம்பீரமாகப் போய் நின்றது. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். அதே நேரத்தில் அண்ணி, தம்பியிடம் விவரம் கேட்டுக்கொண்டு, களம்பூருக்குப் போயிருந்தார். மதியத்துக்குள் அந்த வெளுத்த நீல வண்டியில், அத்தனை தூரத்தையும் ஓட்டிக்கொண்டே வந்து, எங்கள் வாசலில் மணி அடித்தார்.

"இதை நீ எடுத்துக்க. அதைத் திருப்பிக் குடுத்துடலாம். நாளைக்கு வேலைக்குப் போவணும் இல்ல?"

நல்ல மனசுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வண்டியில் ஏறி வேலைக்குப் போனால் சாகும்வரைக்கும் அது அவர் வாங்கிக் கொடுத்த வேலையாகிவிடும். "வேணாங்க அண்ணி, என் வண்டி போதும்" என்றேன். சொல்லும்போதே எனக்கு முழங்கால் வலித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து, என்னைக் கேட்காமலே கால் பலகையைக் கழற்றினார். அடியில் பெட்டி. அதற்குள் நாலு பேட்டரி. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். ஒவ்வொன்றும் அம்மிக்கல்லுக்குத் தம்பி. நாலையும் எடுத்த பிறகு "இப்பத் தூக்கிப் பாரு" என்றார். தூக்கினேன். ஒற்றைக் கையில் எழும்பியது. நான் மெச்சிய கனம் முழுவதும் நாலு பிணத்தின் கனம் என்று அப்போது தெரிந்தது.

அதைப் பார்த்து நான் அழுதிருக்க வேண்டும். நான் பார்த்தது பெட்டியை. சுத்தமான பெட்டி, மூடி போட்டது, பூட்டும் சாவியும் உள்ளது. உள்ளளவை என் கைச்சாணால் அளந்தேன். மடித்த பட்டுப்புடவைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. சோடா உப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலர்த்தி, அட்டை அடித்து, அதன் மேல் பழைய வேட்டியைச் சுற்றினோம்.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்னால் வாசலில் நின்றேன். முதலாளி எப்படி வந்தேன் என்று கேட்கவில்லை. போகவேண்டிய ஊர்களின் பெயரைச் சொன்னார், போனேன். வாத்து மாதிரிதான் போனேன். பேட்டரி இல்லாத வண்டி மிதிக்க மிதிக்க நகர்ந்தது. வழியில் யாராவது "கரண்டு வண்டியாச்சே, ஏன் மிதிக்கறீங்க?" என்று கேட்டால் "கரண்டு இல்லீங்க" என்பேன். அந்தக் காலத்தில் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

சேவூர்ப் பக்கம் போயிருந்த ஒரு நாள் பிடித்த மழையில், மற்ற ஆட்கள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்த புடவைகளில் ஈரம் இறங்கிவிட்டது. நான் தொப்பலாக நனைந்து கடைக்குள் நுழைந்து, வண்டியின் வயிற்றைத் திறந்து, மொடமொடப்புக் குலையாத புடவைகளை ஒவ்வொன்றாக முதலாளி முன்னால் வைத்தேன். அவர் தடவிப் பார்த்தார். குனிந்து பெட்டியையும் பார்த்தார்.

"பேட்டரி எங்கம்மா?"

"அது இருந்தா புடவை எங்கங்க வைக்கறது?" என்றேன்.

எத்தனையோ வருடம் அந்தக் கடையில் வேலை பார்த்தேன். முழங்கால் பலத்தில் மூன்றாவது தடவை எட்டும் போட்டு, லைசென்ஸும் வாங்கினேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறாள் என்று அண்ணி சொல்வார். எனக்கு மீசையே கிடையாது, ஒட்டுவதற்கு வழி இல்லை. அவருடைய நீல வண்டி அதன்பின் வெகுகாலம் நன்றாகவே ஓடியது என்பதையும், அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் கிடையாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பழைய கரண்டு வண்டி வாங்குகிறவர்கள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். பேட்டரி மேல் தேதி பாருங்கள், சார்ஜர் நம்பரும் வண்டி நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், சிமெண்ட் களத்தில் ஓட்டாதீர்கள், பாலம் ஏற்றிப் பாருங்கள், போகும்போது ஒருவரைப் பின்னால் உட்கார வையுங்கள், பெடலை ஒரு பர்லாங்காவது மிதியுங்கள் என்று எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். முக்கியமாக, விற்கிறவர் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். அதை மட்டும் நான் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும், பூசணிக்காயானாலும் பீரோவானாலும், "கற்பகம் தூக்கிப் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுக்கிறார்கள். போகட்டும். என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, பையனின் அம்மா வெள்ளந்தியாகச் சொன்னார்: "எங்க புள்ளைக்குக் கொஞ்சம் சோம்பல்ங்க. காலையில எழுந்துக்க மாட்டான். உடம்பும் கொஞ்சம் கனம். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லக்கூடாது பாருங்க."

எங்கள் குடும்பத்துத் தலைகள் அத்தனையும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தன. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் என் காதருகில் குனிந்து, "நல்லாக் கேட்டுக்க. அவங்க உண்மையத்தான் சொல்லிகினு இருக்காங்க" என்றார்.

மகளைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே சிரித்துக்கொண்டிருந்தாள், பையனும்தான். "எங்களுக்குச் சம்மதங்க" என்றேன்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். காலையில் எழுந்திருப்பதில்லை, கொஞ்சம் கனம்தான், அவர் அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'அரக்கு'. ஏன் என்று அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அது முகூர்த்தத்துக்கு ஏற்ற நிறம் மாப்பிள்ளை என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.